ஊதா மூடிக் குழாயில் நாலு மில்லி ரத்தம்

போன ஒன்றரை வருஷத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே மரபணுவைச் சோதித்துப் பார்த்தோம். முதலில் நான், அப்புறம் என் தங்கச்சி, கடைசியில் தங்கச்சி மாப்பிள்ளை. ஏ.எல்.டி.ஓ.பி. என்று அந்த மரபணுவுக்குப் பெயர். அது கெட்டுப் பிறந்தவர்களுக்குச் சீனி, கருப்பட்டி, தேன், பழம் எதுவும் ஆகாது. ஆகாது என்றால் வயிறு கொஞ்சம் உப்பிவிட்டு அடங்குகிற விஷயம் இல்லை. ஈரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகும். கண்டுபிடிக்காமல் விட்டால் கைக்குழந்தைகள் செத்தும் போகும். பிறவி ஃபிரக்டோஸ் ஒவ்வாமை என்று எழுதுகிறார்கள். ஒவ்வாமை என்றதும் எல்லோரும் அலர்ஜி என்று நினைத்து ஒரு மாத்திரையோடு முடித்துவிடுகிறார்கள் என்பதால், நான் ஃபிரக்டோஸ் ஆகாத கோளாறு என்றே எழுதுகிறேன்.

பரிசோதனைக்கு 5க்கு 5 கொடுப்பேன். அதைச் செய்து கொடுத்த பரிசோதனைக் கூடத்தின் சேவைக்கு 3.5. கூடத்தின் பெயரை எழுதவில்லை. இதைச் செய்கிற கூடங்கள் நாட்டில் பல இருக்கின்றன, எங்கே போனாலும் என்ன கேட்க வேண்டும், எதைச் செய்ய விடக் கூடாது என்று தெரிந்தால் போதும். அந்த இரண்டாவது விஷயம்தான் என் உயிரோடு விளையாடியது. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

எனக்கு 37 வயது. குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப்பக்கம் வீடு, ஒயரிங் வேலை. அப்பா பனையேறி. அம்மா அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சுவாள். ஓலையையும் சில்லாட்டையையும் தள்ளி எரித்து, பொங்கி வரும் அக்கானியைக் கிண்டி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்துக் கருப்பட்டி எடுக்கிற வீடு அது. ஊரே கேட்டு வாங்கிப் போகும். அந்த வீட்டில் பிறந்த நான் இன்றுவரை ஒரு துண்டு கருப்பட்டி விரும்பித் தின்றதில்லை. கல்யாண வீட்டில் பாயசம் இலையில் விழும் முன்னால் எழுந்துவிடுவேன். வாசனை வந்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். சின்ன வயதில் ஊரில் எல்லோரும் என்னைக் கொழுப்பெடுத்த பையன் என்றுதான் நினைத்தார்கள்.

ஒரு தடவை பல் டாக்டரிடம் ஞானப்பல் எடுக்கப் போனேன். விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்துவிட்டு, "ஒரு சொத்தைகூட இல்லையே, என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். இனிப்பு தொடமாட்டேன் என்றேன். நல்ல பழக்கம் என்று பாராட்டி அனுப்பிவிட்டார். அது ஒரு துப்பு என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் எடுத்ததில் ஈரலில் கொழுப்பு என்று வந்தது. குடி கிடையாது, உடம்பு 52 கிலோ. எங்கிருந்து கொழுப்பு என்று கேட்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். பழமும் இனிப்பும் சாப்பிட்டால் வாந்தி வரும் என்று சொன்னதும், மூச்சுப் பரிசோதனை செய்யலாம் என்றார்கள். 25 கிராம் ஃபிரக்டோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை ஒரு கருவியில் ஊத வேண்டும். எனக்கு இனிப்பு சுத்தமாக ஆகாதே என்றேன். "அதைக் கண்டுபிடிக்கத்தானே டெஸ்ட்" என்று பதில் வந்தது. நியாயமான பதில் மாதிரிதான் இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதி டம்ளர் குடித்தேன். மிச்சம் இறங்கவில்லை.

இருபது நிமிஷத்தில் குமட்டல். அப்புறம் வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிகிற வலி. வாந்தி. சட்டை முழுக்க நனைகிற அளவுக்கு வேர்வை, கை தந்தியடித்தது, கண்முன்னால் சுவர் நகர்ந்தது. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "சுகர் 48தான் இருக்கு" என்று கத்தினாள். அங்கே நின்ற அம்மா ஒருவர், நல்ல மனசோடுதான், எவர்சில்வர் டம்ளரில் சீனி வெள்ளம் கலக்கி ஓடி வந்தார். சர்க்கரை இறங்கினால் சீனி கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தானே. டம்ளரின் விளிம்பு என் கீழ் உதட்டில் பட்டது. அடியில் கரையாத சீனி மணல் மாதிரி கிடந்தது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. உடம்பு வேண்டாம் என்றது, அவ்வளவுதான். அதற்குள் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஏற்றிவிட்டார்கள். டெக்ஸ்ட்ரோஸ் என்பது சுத்தமான குளுக்கோஸ், அது எனக்கு ஆகும். அதில்தான் பிழைத்தேன். அந்த டம்ளரைக் குடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஏனென்றால் சீனியில் சரிபாதி ஃபிரக்டோஸ்.

மூன்று நாள் படுக்கை. ஈரல் அளவுகள் ஏறிக் கிடந்தன. வெளியே வரும்போது கொடுத்த தாளில், நோயாளி ஒத்துழைக்காததால் மூச்சுப் பரிசோதனை முடிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். யார்மேலும் வழக்குப் போடுவதற்காக இல்லை. இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்று எழுதும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பேன்.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லித் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று பஸ் மாறி அம்மாவும் கூட வந்தாள். அந்த டாக்டர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. அம்மாவிடம் கேட்டார்: "பால்குடி மாறும்போது முதல்ல என்ன கொடுத்தீங்க?"

அம்மா சொன்னாள், "மட்டிப் பழம்."

எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுகிற பழம் மட்டிதான். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். வாசனையும் இனிப்பும் நிறைந்த, சளி பிடிக்காது என்று பாட்டிகள் நம்பிக் கொடுக்கிற பழம். ஆறாம் மாதத்தில் அதை மசித்துக் கொடுத்ததும் நான் வாந்தியெடுத்தேன். மாந்தம் என்று சொல்லி, மருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள். தேனில் நாற்பது சதவீதத்துக்குப் பக்கமாக ஃபிரக்டோஸ்தான். வயிறு வீங்கிக் கண் மஞ்சளாகிவிட்டது. அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஏனென்றால் எனக்கு மூத்தது ஒன்று இதே மாதிரி மஞ்சள் விழுந்து எட்டாம் மாதத்தில் போயிருந்தது. யார் என்ன சொன்னாலும் சரி என்று பழம், தேன், மருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கஞ்சியும் பாலும் மட்டும் கொடுத்தாள். ஒரு வாரத்தில் நான் தெளிந்தேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பிள்ளையைக் காப்பாற்றினது நீங்கதான் அம்மா" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த டாக்டர் விளக்கினதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஃபிரக்டோஸ் என்பது பழத்திலும் தேனிலும் இருக்கிற சர்க்கரை. சீனியும் கருப்பட்டியும் வயிற்றுக்குள் உடையும்போதும் அது வெளியே வரும். குடல் அதை உறிஞ்சி ஈரலுக்கு அனுப்பும். ஈரலில் முதலில் ஒரு நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். அடுத்து அந்த ஏ.எல்.டி.ஓ.பி. மரபணு உண்டாக்குகிற ஆல்டோலேஸ் பி என்ற நொதி வந்து அதை இரண்டாக வெட்ட வேண்டும். என்னிடம் அந்த வெட்டுகிற நொதி வேலை செய்யாது. ஒட்டினது ஒட்டினபடி ஈரலில் குவியும். உடம்பின் பாஸ்பேட் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். செல்லுக்குத் தேவையான சக்தி தீரும். ஈரல் சேர்த்துவைத்த குளுக்கோஸை வெளியே விடவும் முடியாது, புதிதாகச் செய்யவும் முடியாது. அதனால்தான் இனிப்பைக் குடித்தவனுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது.

மூச்சுப் பரிசோதனை வேறொரு தொல்லைக்கானது. சிலருக்குக் குடல் ஃபிரக்டோஸைச் சரியாக உறிஞ்சாது. மிஞ்சினதைப் பெருங்குடலில் இருக்கிற கிருமிகள் தின்று ஹைட்ரஜன் விடும், அது மூச்சில் வரும். வயிறு உப்பும், கழியும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. என் குடல் நன்றாகவே உறிஞ்சுகிறது. கோளாறு ஈரலில். ஆகவே அந்தக் கருவியில் நான் நாள் முழுக்க ஊதினாலும் அது என் நோயைக் காட்டாது. ஆபத்தை மட்டும் உள்ளே இறக்கிவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதிலும் தராத சோதனை அது. சின்ன வயதிலிருந்தே இனிப்பைக் கண்டால் ஓடுகிறவர், சாப்பிட்டால் வாந்தியும் மயக்கமும் வருகிறவர் எவரும், பிறவிக் கோளாறு இல்லை என்று உறுதியாகும் முன்னால் அந்த டம்ளரை வாயில் வைக்கவே கூடாது.

எனக்கு இது புரிந்தது என் தொழிலை வைத்துத்தான். ஒரு வீட்டில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க மெயினை ஆன் பண்ணி என்ன எரிகிறது என்று பார்ப்பவனை யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். லைனை அணைத்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்ப்போம். மரபணுப் பரிசோதனை அப்படி லைனை அணைத்துவிட்டுப் பார்க்கிற வேலை. ஃபிரக்டோஸ் ஒரு சொட்டுகூட உள்ளே போக வேண்டியதில்லை.

பழைய காலத்தில் வேறு வழி இல்லாமல் சில முறைகள் வைத்திருந்தார்கள். இந்த நோயை மருத்துவ இதழில் முதலில் எழுதினதே 1956ல்தான், இங்கிலாந்தில். அதற்குப் பிறகு நரம்பு வழியாக ஃபிரக்டோஸ் ஏற்றி ரத்தத்தில் குளுக்கோஸும் பாஸ்பேட்டும் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். கிலோவுக்கு 200 மில்லிகிராம் அளவு. என் எடைக்குப் பத்து கிராமுக்கு மேல் வருகிறது, நினைத்தாலே கை சில்லிடுகிறது. ஈரலில் ஊசி போட்டுச் சதை எடுத்து நொதியை அளக்கிற முறையும் உண்டு. மரபணுவில் தெளிவு வராதவர்களுக்கு மட்டும்தான் அது இப்போது. சிறுநீரில் பெனடிக்ட் கரைசலை ஊற்றிச் சூடாக்கினால் நிறம் மாறும், அதே சிறுநீரில் குளுக்கோஸ் பட்டை வைத்தால் ஒன்றும் காட்டாது. அதுவும் ஒரு துப்புத்தான். ஆனால் ஃபிரக்டோஸ் உள்ளே போயிருந்தால்தான் அது தெரியும். நிறுத்திவிட்டால் சிறுநீர் சுத்தமாகிவிடும். மரபணு நீங்கள் என்ன தின்றாலும், தின்னாவிட்டாலும் மாறாது.

டாக்டர் அழுத்தமாகச் சொன்ன இன்னொன்று: முடிவு வரட்டும் என்று காத்திருக்காதே, இன்றே நிறுத்து. குழந்தைகளுக்கானால் இது இன்னும் முக்கியம். சந்தேகம் வந்த அன்றே பழம், தேன், சீனி போட்ட பால்மாவு, இனிப்பு சிரப் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அப்புறம்தான் ரத்தம் அனுப்ப வேண்டும். நிறுத்தின சில நாளில் பிள்ளை தெளிந்தால் அதுவே பாதிப் பதில். ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். தாள் கையில் இருப்பது பின்னால் எத்தனை இடத்தில் உதவும் என்று எனக்குத் தெரியும்.

சரி, இனி கூடத்தின் சேவை.

போனில் பதிவு செய்தேன். என் பரிசோதனைக்கு 13,500 ரூபாய். ஒயரிங் கூலியில் அது சின்னத் தொகை இல்லை. அப்பா கருப்பட்டி விற்ற காசில் பாதி கொடுத்தார். வாங்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ரத்தம் எடுக்கிற தம்பி மார்த்தாண்டத்திலிருந்து பைக்கில் வந்தான். நல்ல மழை நாள், குளிர்ப்பெட்டியைத் தன் மழைக்கோட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, அவன் நனைந்திருந்தான், பெட்டி காய்ந்திருந்தது. வெறும் வயிற்றில் இருக்க வேண்டுமா என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம் அண்ணா, சாப்பிட்டாச்சுன்னாலும் பரவாயில்லை, இது சர்க்கரை டெஸ்ட் இல்ல" என்றான். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் நாலு மில்லி ரத்தம். குழாயை நாலைந்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினான், ரத்தம் உறையாமல் இருக்க. பெயர், பிறந்த தேதி, நேரம் எல்லாம் என்னிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் ஒட்டினான். முடிந்தது. மூன்று நிமிஷம். போன தடவை பரிசோதனை என்ற பெயரில் நான் பட்டதை நினைத்துப் பார்த்தேன். குழாய் போன பிறகும் கொஞ்ச நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முன்னால் சம்மதப் படிவமும் குடும்ப மரமும். குடும்ப மரத்தைப் போட்டது டாக்டர். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவையும் அம்மாவையும் இணைக்கும்போது இரட்டைக் கோடு போட்டார். அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். சொந்தத்தில் கல்யாணம் என்பதற்கு அந்த இரண்டு கோடு. மூத்ததுக்கு ஒரு சதுரம் போட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கும் இதுதானா?" என்று கேட்டாள். "இருக்கலாம் அம்மா. இப்ப உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். முப்பத்தெட்டு வருஷமாக அம்மா தன் கைப்பக்குவத்தில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று பஸ்ஸில்தான் அதை என்னிடம் சொன்னாள்.

அப்பா, அம்மா இருவரிடமும் இந்த மரபணுவின் ஒரு பிரதி கெட்டும் ஒன்று நன்றாகவும் இருக்கும். ஒரு நல்ல பிரதி போதும் என்பதால் அவர்களுக்கு எந்தக் கஷ்டமும் கிடையாது. இருவரிடமிருந்தும் கெட்டதே வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய். ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. யாருடைய பாவமும் இல்லை, கண்ணேறும் இல்லை. இதை அந்த டாக்டர் என் அம்மாவுக்குக் காகிதத்தில் வரைந்து காட்டினதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும்.

பரிசோதனையில் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியரிடம் அடிக்கடி தென்படுகிற மூன்று நாலு மாற்றங்களை மட்டும் தேடுகிற மலிவான சோதனையும் இருக்கிறது. நமக்கு அது போதாது. அந்த நாலில் இல்லை என்றால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. மரபணு முழுவதையும் படிக்கிறீர்களா, துண்டு விட்டுப்போயிருந்தால் அதையும் பார்ப்பீர்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். நான் கேட்டேன். போனில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் மழுப்பாமல் விசாரித்துவிட்டு மறுநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

இனிக் குறைகள். நான்கு வாரத்துக்குள் தருகிறோம் என்றவர்கள் 26ஆம் நாள் அனுப்பினார்கள், அதில் குற்றமில்லை. ஆறு பக்கம், முழுக்க ஆங்கிலம். தமிழில் ஒரு பக்கமாவது, இது இருக்கிறது, இதைச் சாப்பிடாதே என்று போட்டிருக்கலாம். பத்தாம் வகுப்போடு நின்ற நான் முதல் பக்கத்தில் சிவப்பில் இருந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. ஆதாரோடு ஒத்துப்போகாது என்று சொன்னால், திருத்தி அனுப்ப 11 நாள். மரபணு ஆலோசகர் போனில் விளக்குவார் என்று சொல்லியிருந்தார்கள். முதல் அழைப்பு சிக்னல் இல்லாமல் இரண்டு நிமிஷத்தில் அறுந்தது, திரும்ப அவர்களாகக் கூப்பிடவில்லை. நான் நாலு தடவை கூப்பிட்ட பிறகுதான் இரண்டாவது நேரம் கிடைத்தது. கிடைத்த பிறகு அந்த ஆலோசகர் முக்கால் மணி நேரம் பொறுமையாகத் தமிழில் பேசினார். அந்த முக்கால் மணி நேரம் இல்லையென்றால் மதிப்பெண் இன்னும் குறைந்திருக்கும்.

என் முடிவு: ஒன்பதாவது குரோமோசோமில் அந்த மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம். நோயை உண்டாக்கும் மாற்றம் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டது. சிலருக்கு, மாற்றம் இருக்கிறது ஆனால் அர்த்தம் தெளிவில்லை என்று வரும், அப்படி வந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும், தாளை வைத்து நாமாக முடிவு கட்டக் கூடாது என்று ஆலோசகர் சொன்னார். எனக்கு அந்தக் குழப்பம் இல்லை.

37 வயதில் பெயர் கிடைத்து என்ன ஆகப்போகிறது, எப்படியும் இனிப்பு தின்பதில்லையே என்று கேட்டவர்கள் உண்டு. நிறைய ஆகியிருக்கிறது. இனிப்பாகத் தெரியாத இனிப்பை நான் இத்தனை வருஷம் தின்றுகொண்டிருந்தேன். இருமல் சிரப், வாயில் போட்டு மெல்லுகிற மாத்திரை, கடையில் வாங்குகிற சாஸ், பொட்டலத்தில் வருகிற மசாலாக் கடலை. சுகர் ஃப்ரீ என்று போட்டிருந்தால் நல்லது என்று நினைத்தேன், அதில் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அதுவும் உடம்புக்குள் ஃபிரக்டோஸாகத்தான் மாறும். பற்பசையில்கூட சார்பிட்டால் உண்டு, இப்போது துப்பி நன்றாகக் கொப்பளிக்கிறேன். இளநீர் உடம்புக்கு நல்லது என்று வேலைக்குப் போகிற வீட்டில் எல்லாம் வெட்டித் தருவார்கள், அதையும் விட்டேன். வெங்காயமும் தக்காளியும் வெகுவாகக் குறைந்தன. சோறு, சாளை மீன், முட்டை, கோழி, தயிர், உருளைக்கிழங்கு, கீரை. தேங்காய் நிறைய அரைக்காமல் அம்மா எனக்குத் தனிச் சட்டியில் குழம்பு வைக்கிறாள். பழம் இல்லாததால் வைட்டமின் சி மாத்திரை, அதுவும் சீனி பூசாததாகத் தேடி. ஆறு மாதத்தில் வயிறு உப்பல் போனது, ஈரல் அளவு இறங்கியது.

பர்ஸில் லைசென்ஸுக்குப் பின்னால் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்தது. சீனி, ஃபிரக்டோஸ், சார்பிட்டால் எந்த வழியிலும் தரக் கூடாது, வாய் வழியாகவும் ஊசி வழியாகவும். மயங்கிக் கிடந்தால் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றலாம். பரிசோதனைத் தாளின் முதல் பக்கத்தை அதன் பின்பக்கம் சின்னதாக்கி ஒட்டியிருக்கிறேன். தாள் இருந்தால் நம்புகிறார்கள். வாயால் சொன்னால் யாரும் நம்பவில்லை, அதை நான் பார்த்தாகிவிட்டது.

என் முடிவு வந்தபோது தங்கச்சிக்கு ஐந்தாம் மாதம். அவளுக்கு இந்த நோய் இல்லை, சின்ன வயதில் கருப்பட்டியை எனக்கும் சேர்த்துத் தின்றவள். ஆனால் ஒரு கெட்ட பிரதியைச் சுமக்கிறவளாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று ஆலோசகர் சொன்னார். என்னிடம் இருக்கிற அந்த ஒரே மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் அவளுக்கு 4,000 ரூபாய்தான் ஆனது. இருந்தது. மாப்பிள்ளை சொந்தம் இல்லை, அழகியபாண்டிபுரம் பக்கம். அவருக்கு முழு மரபணுவையும் படிக்க வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை முகம் சுளிக்காமல் கையை நீட்டினார். "பிள்ளைக்காகத்தானே அத்தான், இதில என்ன இருக்கு" என்றார். அவருடையது சுத்தமாக வந்தது. ஆகப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து கெட்டது வந்தாலும் அப்பாவிடமிருந்து நல்லது வந்துவிடும்.

பிரசவம் ஆசாரிப்பள்ளத்தில். பெண் பிள்ளை. ஆறாம் வாரத்தில் வயிற்றுப்போக்குக்கான ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுக்கிற நாளில், தங்கச்சி என்னைப் போனில் கூப்பிட்டு, "அண்ணா, இதில சீனி இருக்குமாமே, குடுக்கலாமா?" என்று கேட்டாள். சில சொட்டு மருந்துகளில் சுக்ரோஸ் உண்டு, இந்த நோய் இருக்கிற பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கூடாதுதான். ஆனால் அவள் கையில் இரண்டு தாள் இருந்தது. கொடு என்றேன். டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு கொடுத்தாள். மற்ற குடும்பங்கள் சந்தேகம் இருந்தால் சொட்டு போடும் முன்னால் வாய் திறந்து கேட்டுவிட வேண்டும், தயங்கக் கூடாது.

போன மாதம் பிள்ளைக்கு ஏழு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்தோம். அப்பா திங்கள்சந்தையிலிருந்து ஒரு சீப்பு மட்டி வாங்கி வந்திருந்தார். எனக்கு நாலு வயதில் கூப்பனிப் பதத்தில் இருந்த பாகைத் தன் விரலில் தொட்டு என் வாயில் வைத்தவர் அவர். அன்று நான் வெட்டி வெட்டி விழுந்ததும் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவரும் அவர்தான். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் அவர் கையால் இனிப்பு ஊட்டினதே இல்லை. தங்கச்சி பிள்ளையை அவர் மடியில் வைத்து, "அப்பா, நீங்களே குடுங்க" என்றாள். அவர் பழத்தை உரித்து, பனையேறிக் காய்ப்புப் பிடித்த இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நெடுநேரம் மசித்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தாள். ஒரு நகக்கண் அளவு வைத்தார். பிள்ளை நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டு அவர் விரலைப் பிடித்து இழுத்தது.

அப்பா அடுத்த வாய் கொடுக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மீதிப் பழத்தைக் கையில் வைத்தபடி, ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் மிச்சத்தையும் ஊட்டினார்.